மலத்தில் ரத்தம்: மூலம்தானா?

மூலத்துக்கான கச்சாப்பொருள் நம் எல்லோரிடமும் பிறவியிலேயே இருக்கிறது. ஆசனவாயின் உட்சுவரில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் முன்னும் பின்னுமாக இரண்டு என மூன்று சிறு மெத்தைகள் உண்டு. ரத்தக்குழாய்களும் கொஞ்சம் தசையும் நாரும் சேர்ந்து ஆனவை. குழாயில் வாஷர் செய்யும் வேலையை இங்கே இவை செய்கின்றன. வாயுவும் நீரும் நம்மைக் கேட்காமல் கசிந்துவிடாதபடி இடைவெளியை அடைக்கின்றன. நாம் சும்மா இருக்கும்போது ஆசனவாயை மூடிவைத்திருக்கும் அழுத்தத்தில் 15 முதல் 20 விழுக்காடு இவற்றின் பங்கு. மூலம் என்பது காலில் சுருண்டு வீங்கும் சிரைகளைப் போன்ற ஒன்று என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1975இல் பிரிட்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் டபிள்யூ. எச். எஃப். தாம்சன் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே இந்த மெத்தைக் கணக்கு நிலைபெற்றது. வயதாலும், கெட்டிப்பட்ட மலத்தை முக்கி முக்கி வெளியேற்றும் பழக்கத்தாலும், மெத்தையைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்கின்றன. மெத்தை சரிகிறது, வீங்குகிறது, உரசினால் ரத்தம் வருகிறது. அப்போதுதான் அதற்கு நோய் என்று பெயர்.

அந்த ரத்தம் பளிச்சென்று சிவந்திருக்கும். மெத்தைக்குள் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்திருப்பதால் வெளியே வருவது ஆக்சிஜன் நிறைந்த ரத்தம். மலத்தோடு கலக்காது. போய் முடிக்கும் நேரத்தில் சொட்டும், சிலருக்குப் பீய்ச்சி அடிக்கும். வலி இருக்காது. ஒரு தேக்கரண்டி ரத்தம் பேசினில் இருக்கும் தண்ணீரை முழுக்கச் சிவப்பாக்கிவிடும் என்பதால் பார்த்தவர் வெலவெலத்துப் போவார். உண்மையில் போன அளவு அவர் நினைப்பதைவிட மிகக் குறைவு.

வலி ஏன் இல்லை என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம், ஏனெனில் இந்தக் கட்டுரையின் மையமே அதுதான். ஆசனவாயின் விளிம்பிலிருந்து உள்ளே சுமார் 2 செ.மீ. உயரத்தில் ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது. கோட்டுக்குக் கீழே தோலுக்கு உரிய நரம்புகள். குண்டூசி பட்டாலும் உயிர் போகும். கோட்டுக்கு மேலே இருப்பது குடலின் உட்பூச்சு. அதற்கு இழுப்பும் உப்புசமும் தெரியும், வெட்டினாலோ கிள்ளினாலோ தெரியாது. உள்மூலம் கோட்டுக்கு மேலே இருக்கிறது. அதனால்தான் 1963இல் ஜேம்ஸ் பேரன் பரவலாக்கிய ரப்பர் வளையச் சிகிச்சையை மயக்க மருந்தே இல்லாமல் புறநோயாளிப் பிரிவில் செய்ய முடிகிறது. மூலத்தின் அடியில் சிறு ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டால், ரத்த ஓட்டம் நின்று சில நாள்களில் அது உதிர்ந்துவிடும்.

நோயாளிக்குச் சாதகமான இதே உடற்கூறுதான் இன்னொரு விஷயத்தில் அவரைக் கைவிடுகிறது. மலக்குடலில் வளரும் புற்றுக்கட்டியும் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. அதுவும் வெளிவாசலுக்குச் சில சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதால் ரத்தம் சிவப்பாகவே வரும். அதுவும் தொடக்கத்தில் வலிக்காது. வலி இல்லை, சிவப்பு ரத்தம், ஆகவே மூலம் என்று நோயாளி போடும் கணக்கில் பெரும்பாலும் விடை சரியாக வந்துவிடுகிறது. தவறிய சிலருக்குத்தான் அது எவ்வளவு ஆபத்தான கணக்கு என்று தெரிகிறது. மூலம் இருப்பது நிரூபணமானவருக்குக்கூட மேலே கட்டி இல்லை என்று பொருளில்லை. மூலம் மிகப் பரவலான நோய் என்பதால், புற்றுநோய் வந்தவரிடமும் அது இருக்க வாய்ப்பு அதிகம்.

நம் ஊரில் இந்தக் கணக்கைப் போட்டுக்கொடுக்க ஆள் பஞ்சமில்லை. பேருந்து நிலையச் சுவரிலும் மின்கம்பத்திலும் ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்று எழுதியிருக்கும். வீட்டில், கோழிக்கறி தின்ற சூடு என்பார்கள். கருணைக்கிழங்கு, துத்திக்கீரை, மோர் எல்லாம் வரிசையாக வரும். இவற்றைச் சாப்பிடுவதில் குற்றம் ஒன்றுமில்லை; கீரையும் கிழங்கும் நார்ச்சத்து தருகின்றன, மலம் இளகுகிறது, மூலத்துக்கு அது நல்லதுதான். பிரச்சினை என்னவென்றால், கட்டியிலிருந்து வரும் ரத்தமும் தொடர்ச்சியாக வருவதில்லை. இரண்டு வாரம் வந்து தானாக நிற்கும். கருணைக்கிழங்குக்கு அந்தப் பெருமை போய்ச்சேரும்.

ஆசனவாய் வெடிப்பு இதற்கு நேர் எதிர். கோட்டுக்குக் கீழே, பெரும்பாலும் பின்பக்க நடுவில், தோலில் ஒரு கீறல். மலம் போகும்போது கண்ணில் நீர் வரவைக்கும் வலி, போன பிறகும் மணிக்கணக்கில் எரிச்சல். ரத்தம் கோடுபோல் கொஞ்சமே வரும். வலிக்குப் பயந்து அடக்கினால் மலம் மேலும் இறுகும். இறுகிய மலம் மறுபடி கிழிக்கும். உள்ளே இருக்கும் சுருக்குத்தசை வலியில் இறுகிக்கொள்வதால் கீறலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து ஆறுவதும் தாமதமாகிறது. அந்தத் தசையைத் தளர்த்தத்தான் வெந்நீர்த் தொட்டியில் உட்காரச் சொல்கிறார்கள். டில்டியாசெம், நைட்ரோகிளிசரின் களிம்புகளும் அதற்காகவே. புதிய வெடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். நடுக்கோட்டை விட்டு விலகிப் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் மருத்துவர் யோசிக்கத் தொடங்குவார்: கிரோன் நோயா, காசநோயா, வேறு ஏதாவதா என்று.

இனி மேலே போவோம். வாயிலிருந்து ஆசனவாய்வரை எங்கே ரத்தம் கசிந்தாலும் கடைசியில் வரவேண்டிய வழி இது ஒன்றே. எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு நேரம் எடுத்து வருகிறது என்பதை நிறம் சொல்லும். இரைப்பையில் அல்லது முன்சிறுகுடலில் புண் வெடித்துக் கசியும் ரத்தம் அமிலத்தாலும் நுண்ணுயிரிகளாலும் சிதைந்து, கறுத்து, பிசுபிசுப்பாக, தாங்க முடியாத நாற்றத்தோடு வெளியேறும். தண்ணீர் ஊற்றினாலும் பேசினை விட்டு எளிதில் நகராது. 50 முதல் 100 மில்லி ரத்தம் போனாலே மலம் இப்படி ஆகிவிடும். சிவப்பைக் கண்டு பயப்படும் பலர் கறுப்பைக் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால் கறுப்புக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும்.

இந்தப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. 1984இல் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் யாரும் நம்பவில்லை என்று அந்தப் பாக்டீரியாவைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார்; 2005இல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொன்று, மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்ற மாத்திரைகள். வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டினை அவை தடுக்கின்றன. இரைப்பையின் உட்பூச்சை அமிலத்திலிருந்து காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர் முழங்கால் வலிக்கும் ஒரு மாத்திரை சேர்த்துக்கொண்டால் ஆபத்து கூடும். மதுவால் கல்லீரல் சுருங்கியவர்களுக்கு உணவுக்குழாயின் சிரைகள் புடைத்து வெடிப்பது இன்னும் பயங்கரம். ரத்த வாந்தியும் கறுப்பு மலமுமாக வரும், சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோகும்.

நிறத்தை முழுதாக நம்பவும் முடியாது. இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கருமையாக்கும். ஆனால் அதில் பிசுபிசுப்பும் அந்த நாற்றமும் இருக்காது. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகப் போனவர்கள் பதறியடித்து ஓடிவருவது வழக்கம். எதிர்ப்பக்கமும் உண்டு. மேலே வெள்ளமாக ரத்தம் கொட்டினால் கறுப்பாக நேரமே இல்லாமல் சிவப்பாகவே கீழே வந்து சேரும். ஏராளமாகச் சிவப்பு ரத்தம் போகிறது என்று வருபவர்களில் 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு ஊற்று மேலே இருக்கிறது.

ரத்தத்தோடு சளியும் கலந்து, அடிக்கடி, அவசரமாகப் போனால் குடல் அழற்சி என்று கொள்ளலாம். காய்ச்சலோடு சில நாள் வந்து போவது பெரும்பாலும் தொற்று. 1897இல் ஜப்பானில் சீதபேதி பரவியபோது கியோஷி ஷிகா கண்டுபிடித்த பாக்டீரியா அவர் பெயரிலேயே ஷிகெல்லா என்று வழங்குகிறது. அமீபாவும் இதைச் செய்யும். ஆனால் வாரக்கணக்கில் தொடர்ந்தால், நள்ளிரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினால், எடை குறைந்தால் கதை வேறு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற நாட்பட்ட அழற்சி இந்தியாவில் பெருகிவருகிறது. அமீபாதான் என்று மெட்ரோனிடசோல் மாத்திரையை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப விழுங்கியவர்களுக்குப் பிறகு இந்த நோய் தெரியவருவது புதிதல்ல. குடல் காசநோயையும் இங்கே மறக்கக் கூடாது.

முதியவர்களுக்கு வலியே இல்லாமல் திடீரென்று ரத்தம் கொட்டினால் பெருங்குடல் சுவரில் பிதுங்கி நிற்கும் சிறு பைகள் காரணமாக இருக்கலாம். மேலைநாட்டினருக்கு இவை இடப்பக்கக் குடலில் அதிகம், ஆசியர்களுக்கு வலப்பக்கம். நான்கில் மூவருக்கு ரத்தம் தானாகவே நின்றுவிடும். இன்னொரு காரணம் சுவாரசியமானது. அமெரிக்காவில் எட்வர்ட் ஹைடு என்ற பொது மருத்துவர், இதயத்தின் பெருந்தமனி வால்வு சுருங்கிய முதியவர்கள் சிலருக்குக் குடலிலும் ரத்தக்கசிவு இருப்பதைக் கவனித்து 1958இல் ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். இதயத்துக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம் என்று பலருக்குப் புரியவில்லை. விடை பல பத்தாண்டுகள் கழித்து வந்தது. சுருங்கிய வால்வின் வழியே ரத்தம் சீறிப் பாயும்போது, உறைதலுக்கு உதவும் வான் வில்லிபிராண்ட் என்ற நீண்ட புரதம் கிழிபட்டுத் துண்டாகிறது. குடலில் வயதால் மெலிந்து முறுக்கிக்கொண்ட நுண்குழாய்கள் கசிந்தால் அடைக்க ஆளில்லை. வால்வை மாற்றினால் பலருக்குக் குடல் கசிவும் நின்றுபோகிறது.

புற்றுநோய்க்கு வருவோம். உலகில் 2022இல் மட்டும் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். மேலைநாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இது குறைவு. ஆனால் வருபவர்களில் இளம் வயதினரின் பங்கும், மலக்குடலில் கட்டி உள்ளவர்களின் பங்கும் இங்கே அதிகம், பலர் முற்றிய பிறகே வருகிறார்கள். ‘இந்த வயசுல கேன்சரா?’ என்ற நம்பிக்கை இனி செல்லாது. ‘பிளாக் பேந்தர்’ நடிகர் சாட்விக் போஸ்மனுக்கு 2016இல் மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2020 ஆகஸ்டில் அவர் இறந்தபோது வயது 43. அமெரிக்கா 2021இல் எல்லோருக்குமான முன்பரிசோதனை வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தது. 2023இல் அங்கே வெளியான ஓர் ஆய்வு, 50 வயதுக்கு முன் இந்த நோய் வந்தவர்களின் பழைய மருத்துவப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து நான்கு அடையாளங்களைச் சொன்னது: வயிற்றுவலி, ஆசனவாயில் ரத்தம், தொடர் வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை. நோய் உறுதியாவதற்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு முன்பிருந்தே இவை தலைகாட்டியிருந்தன. ரத்தசோகையை நாம் பெண்களின் நோய் என்றே பழகிவிட்டோம். ஓர் ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்தால், மாத்திரை கொடுப்பதோடு எங்கே கசிகிறது என்று குடலைத் தேட வேண்டும்.

இந்தப் புற்றுநோய் நமக்கு அவகாசம் தருகிறது. பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டுபோல் ஆகும். 1969இல் நியூயார்க்கில் வில்லியம் உல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் வயிற்றைத் திறக்காமல், ஆசனவாய் வழியே பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோப் என்ற குழாயின் மூலம் கம்பிச் சுருக்கிட்டுப் பாலிப்பை அறுத்து எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். வருமுன் தடுக்கக்கூடிய ஒருசில புற்றுநோய்களில் ஒன்றாக இது ஆனது அப்படித்தான். 1985 ஜூலையில் அமெரிக்க அதிபர் ரீகனுக்கு ஒரு பாலிப்பை எடுக்கப் போன இடத்தில், வலப்பக்கக் குடலில் பெரிதாக இன்னொன்று தெரிந்தது. அதற்குள் புற்று இருந்தது. குடலின் ஒரு பகுதியோடு வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகு 19 ஆண்டு வாழ்ந்தார். அமெரிக்கக் கணக்குப்படி, குடலைத் தாண்டாத நிலையில் கண்டுபிடித்தால் ஐந்தாண்டுக்குப் பிறகும் உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 90 பேர். கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகு 15 பேர் அளவில்தான்.

பிறகு ஏன் தாமதம்? வெட்கம் ஒரு காரணம். மனைவி கணவனிடம் சொல்வதில்லை, மகன் அப்பாவிடம் கேட்பதில்லை. ஆனால் பழியை நோயாளி மேல் மட்டும் போடுவது நியாயமில்லை. ‘மோஷன் போகும்போது ரத்தம் வருது டாக்டர்’ என்று ஒருவர் துணிந்து சொன்ன பிறகும், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே களிம்பும் இசப்கோலும் எழுதித் தந்து அனுப்பும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கையுறை அணிந்து, ஜெல்லி தடவிய விரலால் ஆசனவாயின் உள்ளே தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கருவி வேண்டாம், செலவு இல்லை. விரல் 7, 8 செ.மீ. உயரம்வரை எட்டும். மலக்குடல் கட்டிகளில் கணிசமானவை அந்த எல்லைக்குள் இருக்கின்றன. அதே சமயம், உள்மூலம் மெத்தென்று இருப்பதால் விரலுக்குப் பெரும்பாலும் தட்டுப்படாது. அதைப் பார்க்கப் புராக்டோஸ்கோப் என்ற சிறு குழாய் வேண்டும். அதுவும் சில நிமிட வேலைதான். ஆக, தொட்டும் பார்க்காமல் குழாய் வைத்தும் பார்க்காமல் சொல்லப்படும் ‘மூலம்’ ஓர் ஊகம் மட்டுமே.

அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் கொலனோஸ்கோப்பி. முந்தின நாள் லிட்டர் கணக்கில் பேதிக்கரைசலைக் குடித்துக் குடலைக் கழுவுவதுதான் அதில் கடினமான பகுதி. பரிசோதனை நடப்பது பலருக்கு மயக்கத்தில் தெரிவதே இல்லை. எல்லோருக்கும் இது தேவையில்லை. 45 வயதைத் தாண்டியவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ குடல் புற்றுநோய் இருந்தவர்கள், ரத்தம் வருவதோடு மலம் கழிக்கும் வழக்கமும் மாறிப்போனவர்கள், போன பிறகும் இன்னும் பாக்கி இருப்பதுபோலவே உணர்பவர்கள், எடை குறைபவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள், மூலத்துக்குச் சிகிச்சை எடுத்தும் ரத்தம் நிற்காதவர்கள் ஆகியோருக்குத் தள்ளிப்போடக் கூடாது.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மலச்சிக்கலால் வந்த வெடிப்பு அல்லது தீங்கற்ற பாலிப். ஆனால் கைக்குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, காலை வயிற்றோடு மடக்கி, செந்நிறச் சளியாகப் போனால் குடல் குடலுக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். அன்றே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மூலம் சகஜம், குழந்தை பிறந்த பின் பெரும்பாலும் தணியும். அதையும் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

கெட்டியாகப் போன அன்று ஒரே ஒரு முறை கோடாக ரத்தம் தெரிந்து, அதோடு நின்ற இளைஞர் பதற வேண்டியதில்லை. தண்ணீரும் காய்கறியும் கூட்டிக்கொண்டு, கழிப்பறையில் கைபேசியோடு குடியிருப்பதை விட்டால் போதும். (2025இல் பாஸ்டனில் கொலனோஸ்கோப்பிக்கு வந்த 125 பேரை ஆராய்ந்தவர்கள், கழிப்பறையில் கைபேசி பார்ப்பவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 விழுக்காடு அதிகம் என்றார்கள். சிறிய ஆய்வு, ஆனாலும் கைபேசியை வெளியே வைப்பதால் நட்டமில்லை.) மறுபடி வந்தால் அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கறுத்துப் பிசுபிசுத்த மலம், கட்டி கட்டியாக ரத்தம், நிற்காத ஒழுக்கு, எழுந்தால் கண் இருட்டுவது, குளிர்ந்த வியர்வை, படபடப்பு, ரத்த வாந்தி, கடும் வயிற்றுவலி ஆகியவற்றில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, தமிழ்நாட்டில் 108ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் கல்லீரல் நோயாளிகளும் இன்னும் முன்னதாகவே கிளம்ப வேண்டும். அந்த மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

மேலைநாட்டுப் புத்தகங்கள் ‘துடைத்த காகிதத்தில் ரத்தம் தெரிந்தால்’ என்று தொடங்கும். தண்ணீரில் கழுவிப் பழகிய நமக்கு அந்தச் சாட்சி கிடைப்பதில்லை. அதனால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு முறை குனிந்து பாருங்கள். அருவருப்புப் பட ஒன்றுமில்லை. ரத்தம் கண்டு மருத்துவரிடம் போனால், அவர் உங்களைப் பரிசோதிக்காமலே மூலம் என்று சீட்டு எழுதத் தொடங்கினால், எழுந்து வந்துவிடாதீர்கள். ‘கை வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள் டாக்டர்’ என்று கேளுங்கள். பெண்கள் உடன் ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்றும், முடிந்தால் பெண் மருத்துவர் வேண்டும் என்றும் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை.